ட்ரெயினிங் எல்லாம் நடக்குது, ஆனா யாரும் கத்துக்கற மாதிரி தெரியலயே, என்ன பண்றது?

கேள்வி கேட்டவங்க சொன்னதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். நாப்பது பேர் இருக்கற ஒரு டீமைப் பாத்துக்கறாங்க. ஆன்லைன் கோர்ஸுக்கு எல்லாருக்கும் லாகின் வாங்கிக் குடுத்தாச்சு, மாசம் ஒரு வகுப்பு நடக்குது, முடிச்சா சர்டிஃபிகேட் உண்டு, யார் அதிகமா கோர்ஸ் முடிச்சாங்கன்னு பட்டியல் கூட போடறாங்க. ஆனாலும் எல்லாரும் கடமைக்கு வந்து உக்காந்துட்டுப் போறாங்க, வேலையில ஒரு மாத்தமும் தெரியல, "இவங்களுக்குக் கத்துக்கற ஆர்வமே இல்லையா"ன்னு கேக்கறாங்க.

ஆர்வமே இல்லாத ஆளுங்களை நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்திருக்கேன். முதல் எட்டு வருஷம் ஒரு சப்போர்ட் டீம்ல வேலை பாத்தேன், அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷமா ட்ரெயினிங் பக்கம் இருக்கேன். வகுப்புல கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கற அதே ஆள்தான் வீட்டுக்குப் போனா ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து புதுசா வாங்கின கேமராவுல ஒவ்வொரு செட்டிங்கா மாத்தி மாத்தி போட்டோ எடுத்துப் பாத்துட்டு இருப்பாரு, யாரும் அவருக்கு சர்டிஃபிகேட் குடுக்கப் போறதில்ல, ஆனா விடமாட்டாரு. அதனால ஆர்வம் அவர்கிட்ட இருக்கு, ஆபீஸ் வாசல்ல கழட்டி வச்சுட்டு உள்ள வர்றாரு. ஏன் கழட்டி வைக்கறாருன்னுதான் நாம பாக்கணும்.

இப்படி யார் கேட்டு வந்தாலும் நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான். உங்க டீம்ல யாராவது நாலு பேர் முன்னாடி "எனக்கு இது தெரியல"ன்னு கடைசியா எப்போ சொன்னாங்க, சொன்ன அடுத்த பத்து செகண்ட்ல அங்க என்ன நடந்துச்சு? நிறைய மேனேஜருங்களுக்கு இதுக்கு பதிலே வராது, யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு "அப்படி யாரும் சொன்ன ஞாபகம் இல்லையே"ம்பாங்க. பிரச்சனை அங்கதான் இருக்கு. தெரியலன்னு சொல்ல முடியாத இடத்துல யாரும் கத்துக்க முடியாது, ஏன்னா கத்துக்கறதோட முதல் படியே அதுதான், அந்தப் படியில கால் வைக்க பயமா இருந்தா மேல எத்தனை கோர்ஸ் வாங்கி அடுக்கினாலும் யாரும் ஏறிப் போக மாட்டாங்க.

எனக்கு இது புரிஞ்சதே ஒரு கசப்பான அனுபவத்துலதான். நான் சப்போர்ட் டீம்ல இருந்தப்ப புதுசா ஒரு பொண்ணு சேந்தாங்க, ரெண்டாவது வாரமே ஒரு மீட்டிங்ல "இந்த பேக்கப் நிஜமாவே திரும்ப எடுக்க வருதான்னு யாராவது எப்பயாவது பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டாங்க. சீனியர் ஒருத்தர் "இது கூடத் தெரியாமயா இந்த வேலைக்கு வந்தீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சாரு, நாங்களும் சேந்து சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன், அது இன்னைக்கும் உறுத்திட்டே இருக்கு. அதுக்கப்புறம் ஏழு மாசம் அவங்க மீட்டிங்ல வாயே திறக்கல. எட்டாவது மாசம் ஒரு சர்வர் போச்சு, பேக்கப் எடுத்துப் பாத்தா பாதி ஃபைல் திறக்கவே மாட்டேங்குது. ரெண்டு நாள் யாரும் வீட்டுக்குப் போகல. அந்தக் கேள்விக்கு அன்னைக்கே யாராவது பதில் தேடியிருந்தா அரை மணி நேர வேலை. அவங்க ஒருத்தர் வாயை மட்டும் நாங்க அடைக்கல, சுத்தி உக்காந்திருந்த மத்த ஜூனியருங்க எல்லாரும் அதைப் பாத்து "ஓ, இங்க கேள்வி கேட்டா இதுதான் நடக்கும்"னு கத்துக்கிட்டாங்க. கத்துக்கற சூழல் எல்லா ஆபீஸ்லயும் ஏற்கனவே இருக்குங்க. என்ன கத்துக்கறாங்கங்கறதுல மட்டும்தான் வித்தியாசம்.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஹார்வர்ட்ல பேராசிரியரா இருக்கறவங்க, 90கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புகளைப் பத்தி ஒரு ஆய்வு பண்ணாங்க. நல்லா ஒத்துமையா வேலை செய்யற நர்ஸ் டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. கணக்குப் பாத்தா தலைகீழா வந்துச்சு, நல்ல டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு. அப்புறம் உள்ள போய்ப் பாத்தாதான் விஷயம் தெரியுது, அந்த டீம்கள்ல அதிகமா தப்பு நடக்கல, நடந்த தப்பை வெளிய சொன்னாங்க, உக்காந்து பேசினாங்க. மத்த வார்டுல தப்பு நடந்தா மூடி மறைச்சுட்டாங்க, அதனால பேப்பர்ல சுத்தமா தெரிஞ்சுது. அப்புறம் 1999ல ஒரு உற்பத்தி கம்பெனியில 51 டீமை வச்சு ஆய்வு பண்ணி, பயமில்லாம பேச முடியற டீம்கள்லதான் கத்துக்கற பழக்கம் இருக்கு, அந்தப் பழக்கம்தான் வேலையோட தரத்தையும் ஏத்துதுன்னு காட்டினாங்க. கூகுள் 2012ல ஆரம்பிச்சு தன்னோட டீம்களையே ஆராய்ஞ்சப்ப, எந்த டீம் நல்லா வேலை செய்யுதுங்கறதுக்கு முதல் காரணமா வந்ததும் இதேதான். யார் எவ்வளவு படிச்சிருக்காங்க, எந்த காலேஜ், எத்தனை வருஷ அனுபவம், இதெல்லாம் அதுக்குக் கீழதான்.

ஒரு விஷயம் சொல்லிடறேன், பயமில்லாம பேசறதுன்னா எல்லாரும் எல்லாருக்கும் இனிமையா இருக்கறதுன்னு எடுத்துக்காதீங்க. இதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு யாரையும் எதுவும் சொல்லாம வேலை சுமாரா வந்தாலும் "சூப்பர் சூப்பர்"னு தட்டிக் குடுத்துட்டு இருக்கற டீமையும் பாத்திருக்கேன், அங்கயும் யாரும் கத்துக்கறதில்ல. வேலையைப் பத்தி கறாரா இருக்கணும், அந்த வேலையைச் செஞ்ச ஆளை மட்டம் தட்டக் கூடாது. ரெண்டும் சேந்து வரணும், அதுதான் கஷ்டம்.

விமானத் துறை இந்தப் பாடத்தை உயிரைக் குடுத்துக் கத்துக்கிட்டுது. 1978 டிசம்பர் 28 அன்னைக்கு அமெரிக்காவுல போர்ட்லேண்ட் போய் இறங்க வேண்டிய யுனைடெட் 173 விமானத்துல சக்கரம் இறங்கும்போது வித்தியாசமா ஒரு சத்தமும் அதிர்வும் வந்துச்சு. கேப்டன் அதைச் சரி பாக்கறதுலயே மூழ்கிட்டாரு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் மேலயே சுத்திட்டு இருந்தாங்க. எரிபொருள் குறைஞ்சுட்டே வருதுன்னு கூட இருந்தவங்களுக்குத் தெரியும், லேசா சொல்லியும் பாத்தாங்க, ஆனா கேப்டன்கிட்ட அழுத்திச் சொல்ல அவங்களுக்கு வரல. எரிபொருள் தீந்து விமானம் கீழ விழுந்து 10 பேர் செத்துப் போனாங்க. நல்ல அனுபவமுள்ள கேப்டன், திறமையான ஆளுங்க, மெஷின்ல கூட பெரிய கோளாறு கிடையாது. அடுத்த வருஷமே நாசா இதுக்குன்னு ஒரு கூட்டம் போட்டாங்க, 1981ல அதே யுனைடெட் கம்பெனி தன்னோட பைலட்டுகளுக்கு ஒரு புது ட்ரெயினிங் ஆரம்பிச்சுது, அதுல விமானம் ஓட்டறதைப் பத்தி இல்ல, கீழ இருக்கறவங்க மேல இருக்கறவங்களுக்கு எப்படி எடுத்துச் சொல்றது, மேல இருக்கறவங்க அதை எப்படிக் காது குடுத்துக் கேக்கறதுங்கறதுதான் பாடம். இன்னைக்கு உலகம் பூரா விமான கம்பெனி பைலட்டுகளுக்கு அது கட்டாயம்.

அதுக்கு முன்னாடியே, 1976லயே, அங்க இன்னொரு ஏற்பாடும் இருந்துச்சு. பைலட்டோ கண்ட்ரோலரோ தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டா பத்து நாளைக்குள்ள நாசாவுக்கு எழுதி அனுப்பிடலாம், வேணும்னே செஞ்சதா குற்றமா விபத்தா இல்லாத வரைக்கும் பெரும்பாலும் அபராதத்துல இருந்து தப்பிச்சுக்கலாம், பேரை எடுத்துட்டு விஷயத்தை மட்டும் எல்லாருக்கும் பாடமா குடுப்பாங்க. தண்டனை குடுக்கற அதிகாரம் இருக்கற துறை அதை வாங்காம, அந்த அதிகாரமே இல்லாத நாசா கையில குடுத்தாங்க பாருங்க, அதுலதான் எல்லாமே இருக்கு. உங்க ஆபீஸ்லயும் இதே மாதிரிதான், யார் அப்ரைசல் போடறாங்களோ அவங்ககிட்டயே தன்னோட தப்பைக் கொண்டு போய்ச் சொல்லச் சொன்னா எந்தப் புத்திசாலியும் சொல்ல மாட்டான்.

"எங்க ஆளுங்க வேற மாதிரிங்க, இதெல்லாம் எங்ககிட்ட நடக்காது"ன்னு சொல்றவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஃப்ரீமாண்ட் ஃபேக்டரி கதை. கலிஃபோர்னியாவுல ஜெனரல் மோட்டார்ஸுக்கு அங்க ஒரு கார் ஃபேக்டரி இருந்துச்சு, கம்பெனியிலேயே மோசமான ஃபேக்டரின்னு பேர் வாங்கினது, அஞ்சுல ஒருத்தர் வேலைக்கே வர மாட்டாங்க, தரமும் படுமோசம், 1982ல இழுத்து மூடிட்டாங்க. 1984ல டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேந்து அதே ஃபேக்டரியைத் திரும்பத் திறந்தாங்க, நும்மின்னு பேரு வச்சு. வேலைக்கு எடுத்ததுல பெரும்பாலானவங்க அதே பழைய தொழிலாளிங்க, அதே யூனியன். கொஞ்ச காலத்துலயே அந்த ஃபேக்டரி கார் தரத்துல ஜெனரல் மோட்டார்ஸோட மத்த ஃபேக்டரிகளையெல்லாம் தாண்டிடுச்சு, லீவு போடறவங்க எண்ணிக்கை சடார்னு குறைஞ்சுது.

அங்க என்னத்தை மாத்தினாங்க? நிறைய மாத்தினாங்க, ஆனா எனக்குப் பிடிச்சது அந்தக் கயிறு. கார் பாகங்களைப் பூட்டிட்டே நகர்த்திட்டுப் போற லைன் ஓரமா மேல ஒரு கயிறு ஓடும், வேலை செய்யற யாரா இருந்தாலும் ஏதாவது சரியில்லன்னு தோணினா இழுக்கலாம், டீம் லீடர் ஓடி வருவாரு, ரெண்டு பேரும் சேந்து பாப்பாங்க, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள சரியாகலன்னா லைனே நிக்கும். இதே ஆளுங்க பழைய ஃபேக்டரியில இருந்தப்ப லைனை நிறுத்தறது மாதிரி ஒரு பாவம் கிடையாது, கோளாறான காரு அப்படியே போகும், கடைசியில யாராவது சரி பண்ணிப்பாங்க. புது ஃபேக்டரியில முதல் தடவை கயிறை இழுத்த ஆளுகிட்ட யாரும் "ஏன்யா நிறுத்தின"ன்னு கேக்கல, "என்ன ஆச்சு, எப்படி உதவி பண்ணட்டும்"னு கேட்டாங்க. டொயோட்டா முதல்லயே அங்க இருந்து லீடருங்களை ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போய் அவங்க லைன்ல கூடவே நிக்க வச்சு வேலை செய்ய வச்சாங்க, வகுப்புல உக்கார வச்சு சொல்லிக் குடுக்கறதோட நிறுத்தல. இதுல கவனிக்க வேண்டிய இன்னொண்ணு, ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன்னோட மத்த ஃபேக்டரிகளுக்குக் கொண்டு போகப் பாத்தப்ப ரொம்பவே திணறிப் போச்சு. கயிறைக் கட்டிட்டாங்க, இழுத்தா ஓடி வர்ற மேனேஜர் மாறல. லாகின் வாங்கிக் குடுக்கறது கயிறு கட்டற மாதிரி, அதுக்கப்புறம்தான் நிஜமான வேலையே இருக்கு.

உங்க டீம்ல அந்தக் கயிறு எதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்கு நடு வேலையில சந்தேகம் வந்தா யாரைக் கூப்பிடுவாங்க, எத்தனை நிமிஷத்துல ஆள் வரும்? "அவரு பிஸியா இருப்பாரு, நாமளே எப்படியாவது பண்ணிடலாம்"னு நினைச்சா கயிறு அறுந்து கிடக்குன்னு அர்த்தம்.

அடுத்தது நேரம். இதைப் பத்தி நீட்டிச் சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா பாதி ஆபீஸ்ல எல்லாமே இங்கதான் படுத்துக்குது. "கத்துக்கறது ரொம்ப முக்கியம்"னு சொல்லிட்டு அதுக்கு சனிக்கிழமையையும் சாயந்திரம் ஆறு மணிக்கு மேலயும் ஒதுக்கினா, அது முக்கியம் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. வேலை நேரத்துக்குள்ள, டெட்லைன்ல இருந்து கழிச்சு, நேரம் குடுக்கணும். 3எம் கம்பெனி 1948லயே தன்னோட டெக்னிக்கல் ஆளுங்களுக்கு வேலை நேரத்துல 15 சதவீதத்தை அவங்க இஷ்டப்பட்டதைச் செஞ்சு பாக்க ஒதுக்கினாங்க. நீங்க அவ்வளவு குடுக்க வேணாம், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் போதும், ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துல நீங்க கூப்பிட்டா கூட வரக் கூடாது. ப்ராஜெக்ட் கொஞ்சம் சூடானதும் முதல்ல வெட்டுப்படறது இந்த ரெண்டு மணி நேரம்தான்னா மூணே வாரத்துல யாரும் அதை நம்ப மாட்டாங்க.

இப்போ உங்க மாசாந்திர வகுப்புக்கு வரேன், ஏன் ஒண்ணும் ஒட்டலன்னு. எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், தன்னைத்தானே சோதனைக்கு உட்படுத்திக்கிட்டு, அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டங்களை நூத்துக்கணக்குல மனப்பாடம் பண்ணி, எவ்வளவு சீக்கிரம் மறக்குதுன்னு 1885ல எழுதினாரு. ஒரு நாள் கழிச்சு அதையே திரும்பப் படிச்சா முதல் தடவை எடுத்த நேரத்துல மூணுல ஒரு பங்குதான் மிச்சமாச்சு, முதல் தடவை படிச்சதுல அவ்வளவுதான் தங்கியிருந்துச்சுன்னு வச்சுக்கலாம். அர்த்தமுள்ள விஷயம் இந்த அளவுக்கு வேகமா மறக்காதுதான், ஆனா மறக்கறதை கிராஃபா போட்டா வர்ற வளைவு அதே வளைவுதான், முதல் நாள் சரசரன்னு இறங்கும், அப்புறம் மெதுவா. மாசம் ஒரு நாள் எட்டு மணி நேரம் உக்கார வச்சு ஊட்டற வகுப்பு இந்த வளைவுக்கு நேர் எதிரா இருக்கு. அதே எட்டு மணி நேரத்தை நாலு வாரத்துக்குப் பிரிச்சுப் போட்டாலே நிறைய மாறும்.

அதைவிட முக்கியமான இன்னொண்ணு இருக்கு, ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க 2006ல காட்டினது. மாணவர்களுக்கு ஒரு பாடத்தைப் படிக்கக் குடுத்தாங்க, ஒரு குழு அதையே திரும்பப் படிச்சுது, இன்னொரு குழு பாக்காம ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்கதான் மேல, 81க்கு 75. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா தலைகீழ், எழுதிப் பாத்தவங்க 56 சதவீதம், திரும்பப் படிச்சவங்க 42. வகுப்பு முடிஞ்ச கையோட ஃபீட்பேக் ஃபார்ம் குடுத்து "நல்லா புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாரும் நல்லா புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க, பொய் சொல்லல, அந்த நிமிஷத்துக்கு அது உண்மை. ஒரு வாரம் கழிச்சு வேலைல கை வைக்கும்போதுதான் காலியா இருக்கறது தெரியும். அதனால நான் என்ன பண்ணுவேன்னா, வகுப்பு நடந்த மறுநாள் ரெண்டு கேள்வி, ஒரு வாரம் கழிச்சு ரெண்டு, ஒரு மாசம் கழிச்சு ரெண்டு, எல்லாமே "இப்படி ஒரு சூழ்நிலை, நீங்க என்ன பண்ணுவீங்க"ங்கற மாதிரி. மார்க் யாருக்கும் போகாது, அவங்களுக்கு மட்டும்தான். மார்க்கை மேனேஜருக்கு அனுப்ப ஆரம்பிச்ச அன்னைக்கே ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுத ஆரம்பிச்சுடுவாங்க, அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது.

நடுவுல ஒண்ணு, யாராவது உங்ககிட்ட வந்து "ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா கத்துக்கறாங்க, சிலர் கண்ணால, சிலர் காதால, அதுக்குத் தகுந்த மாதிரி கோர்ஸ் பிரிச்சுத் தர்றோம்"னு எதையாவது விக்க வந்தா வாங்காதீங்க. 2008ல இதைப் பத்தி அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பாத்தாங்க, அப்படிப் பிரிச்சுச் சொல்லிக் குடுத்தா நல்லா கத்துக்கறாங்கங்கறதுக்கு உருப்படியான ஆதாரமே கிடைக்கல. அந்தக் காசுக்கு வேற ஏதாவது பண்ணலாம்.

அப்புறம் அந்தப் பட்டியல், யார் அதிக கோர்ஸ் முடிச்சாங்கன்னு. அதை எடுத்துடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் சின்னப் பசங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, படம் வரையறதுன்னா உசுரா இருக்கற பசங்க. ஒரு குழுவுக்கு "வரைஞ்சா ரிப்பன் வச்ச சர்டிஃபிகேட் தரேன்"னு முன்னாடியே சொல்லிட்டு வரைய விட்டாங்க, குடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு யாரும் எதுவும் சொல்லாம பேனாக்களை மேஜை மேல வச்சுட்டு கவனிச்சா, சர்டிஃபிகேட்டுக்காக வரைஞ்ச பசங்க மத்தவங்களைவிட பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. சொல்லாம கொள்ளாம பரிசு கிடைச்ச பசங்களுக்கு ஆர்வம் குறையவே இல்ல. பெரியவங்களும் இதுல பெருசா வித்தியாசம் இல்லைங்க. பட்டியல் போட்டா ஆளுங்க பட்டியலுக்காக க்ளிக் பண்ணுவாங்க, வீடியோவை ம்யூட்ல ஓட விட்டுட்டு வேற வேலை பாப்பாங்க. எண்ணிக்கை ஏறும், உங்களுக்கு ரிப்போர்ட்ல சந்தோஷமா இருக்கும், கத்துக்கிட்டது ஒண்ணும் இருக்காது.

அப்போ பாராட்டே வேணாமான்னா, வேணும், ஆனா எதைப் பாராட்டறோம்ங்கறது இருக்கு. இதுக்கு ஜெராக்ஸ் கம்பெனி டெக்னீஷியன்களோட கதை எனக்கு ரொம்ப இஷ்டம். ஜூலியன் ஓர்னு ஒரு மானிடவியல் ஆராய்ச்சியாளர் 80கள்ல ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பண்றவங்க பின்னாடியே போய் அவங்க எப்படி வேலை பாக்கறாங்கன்னு கவனிச்சாரு. கம்பெனி அவங்களுக்கு கட்டுக்கட்டா மேனுவல் குடுத்திருந்துச்சு, இந்தக் கோளாறுக்கு இதைச் செய்யுன்னு. நிஜத்துல அவங்க மேனுவல்ல இல்லாத கோளாறைத்தான் தினமும் பாத்தாங்க, அதையெல்லாம் சேந்து சாப்பிட உக்காரும்போது கதையா பேசித்தான் கத்துக்கிட்டாங்க, "அன்னைக்கு ஒரு மெஷின்ல இப்படி ஆச்சுய்யா, கடைசியில பாத்தா"ன்னு ஆரம்பிக்கற கதைங்க. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு அது வெட்டி அரட்டையா தெரியும், அவங்களுக்கு அதுதான் வகுப்பு. பின்னாடி 90கள்ல ஜெராக்ஸ் இந்தக் கதைகளையெல்லாம் சேத்து வைக்கறதுக்கு யுரேகான்னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்துச்சு. டெக்னீஷியன் ஒரு டிப் எழுதினா, கூட இருக்கற அனுபவசாலி டெக்னீஷியனே அதைச் செஞ்சு பாத்து சரின்னு சொல்லுவாரு, அப்புறம் எழுதினவர் பேரோட எல்லாருக்கும் போகும். காசு குடுக்கல, பேர் போட்டாங்க. அதுவே போதுமா இருந்துச்சு, ஏன்னா தன் தொழில் தெரிஞ்ச இன்னொருத்தன் "இது நல்ல டிப்புய்யா"ன்னு சொல்றதுக்கு மேல ஒரு தொழில்காரனுக்கு என்ன வேணும்.

அதனால உங்க டீம்ல எங்க கதை பேசறாங்கன்னு பாருங்க, அதைக் கலைக்காதீங்க. முடிஞ்சா வாரத்துக்கு ஒரு தடவை அதுக்கே ஒரு நேரம் வைங்க. நான் இதை ஒரு டீம்ல ஆரம்பிச்சப்ப முதல் ரெண்டு மாசம் சொதப்பிட்டேன், நாப்பது நிமிஷ நேரம்னா முப்பது நிமிஷம் நானே பேசிட்டு இருந்தேன், ஸ்லைடு வேற போட்டேன். ஒரு நாள் எனக்கு தொண்டை கட்டிக்கிச்சு, பேச முடியல, "போன வாரம் யாருக்காவது எதாவது மாட்டிக்கிச்சா"ன்னு மட்டும் போர்டுல எழுதிட்டு உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க, அப்புறம் ஒருத்தர் ஆரம்பிச்சாரு, இன்னொருத்தர் "ஏய் எனக்கும் அது வந்துச்சு, நான் வேற மாதிரி பண்ணேன்"னாரு, நேரம் முடிஞ்சும் யாரும் எந்திரிக்கல. அதுல இருந்து ஸ்லைடை விட்டுட்டேன்.

ஒரு வேலை முடிஞ்சதும் பேசறதுக்கு ஒரு ஒழுங்கு வேணும்னா அமெரிக்க ராணுவத்துல பயிற்சி முடிஞ்சதும் கேக்கற நாலு கேள்வி நல்லா உதவும்: என்ன நடக்கணும்னு நினைச்சோம், என்ன நடந்துச்சு, ஏன் வித்தியாசம் வந்துச்சு, அடுத்த தடவை எதை அப்படியே வச்சுக்கறது எதை மாத்தறது. இதை ஜெயிச்ச வேலைக்கும் கேக்கணும், தோத்ததுக்கு மட்டும் கேட்டா அது விசாரணைக் கமிஷன் மாதிரி ஆயிடும். அங்க ராங்க் பாக்காம கீழ இருக்கறவங்க மேல இருக்கறவங்க செஞ்சதைப் பத்திப் பேசணும்ங்கறது முறை, ராணுவத்துலயே அது முடியுதுன்னா ஆபீஸ்ல முடியாதா.

இதுல எல்லாத்தையும்விட கஷ்டமான இடம் சீனியருங்க. கிறிஸ் ஆர்கிரிஸ்னு ஹார்வர்ட்ல இருந்த ஒரு பேராசிரியர் 1991ல இதைப் பத்தி எழுதினாரு, நல்லா படிச்ச, எப்பவும் ஜெயிச்சே பழகின ஆளுங்கதான் கத்துக்கறதுல பின்தங்கறாங்கன்னு. அவங்க தோத்ததே கம்மி, அதனால தோல்வில இருந்து எப்படிக் கத்துக்கறதுன்னே தெரியாது, ஏதாவது தப்பாச்சுன்னா உடனே க்ளையண்ட் சரியில்ல, டைம் பத்தல, மேல இருக்கறவங்க தெளிவா சொல்லலன்னு வெளிய கை காட்டுவாங்க. நான் பாத்ததும் அப்படியே இருக்கு. பதினஞ்சு வருஷம் "எல்லாம் தெரிஞ்சவர்"னு பேர் வாங்கின ஒருத்தர் ஜூனியர் முன்னாடி தெரியலன்னு சொல்றது அவருக்கு நிஜமாவே வலிக்கும், அதைக் கேலி பண்ணக் கூடாது. நான் பண்றது, அவங்களை நேரா வகுப்புல உக்கார வைக்காம சொல்லிக் குடுக்கச் சொல்லுவேன், அதுவும் அவங்களுக்கு அரைகுறையா தெரிஞ்ச விஷயத்தை, ஒரு ஜூனியரோட ஜோடி போட்டு. தயார் பண்ணும்போது தனக்கு எங்க ஓட்டை இருக்குன்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும், தனியா இருக்கும்போது தெரியறதுனால மானம் போகாது. ஜூனியர் ஒரு கேள்வி கேட்டு மடக்கினா கூட "நாம ரெண்டு பேரும் சேந்து தேடுவோம்"னு ஆயிடும்.

நீங்களும் சீனியர்தான். மேனேஜர் வகுப்புக்கு வர மாட்டாரு, வந்தாலும் லேப்டாப்பைத் திறந்து மெயில் பாத்துட்டு இருப்பாருன்னா, ஊருக்குத்தான் உபதேசம்னு டீமுக்குப் புரிஞ்சுடும். நீங்க முதல் வரிசையில உக்காந்து நோட்டு எடுத்து தப்பா ஒரு பதில் சொல்லி, "ஓ, அப்படியா"ன்னு திருத்திக்கிட்டா அது பத்து மெயிலுக்குச் சமம்.

அளக்கறதைப் பத்தி ரெண்டு வரி. கிர்க்பேட்ரிக்னு ஒருத்தர் 1959லயே ட்ரெயினிங்கை நாலு படியா அளக்கணும்னு சொன்னாரு: பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலையில நடந்துக்கறது மாறிச்சா, பலன் வந்துச்சா. இத்தனை வருஷம் ஆகியும் பெரும்பாலான ஆபீஸ் முதல் படியிலேயே நின்னுட்டு இருக்கு. மூணாவது படியைப் பிடிங்க. வகுப்பு வைக்கறதுக்கு முன்னாடியே "இது நல்லா போனா ரெண்டு மாசம் கழிச்சு யார் எதை வேற மாதிரி செஞ்சுட்டு இருப்பாங்க"ன்னு ஒரு வரி எழுதி வைங்க. எழுத வரலன்னா அந்த வகுப்பை வைக்காதீங்க, பாதி வகுப்பு இதுலயே காலியாயிடும், மிச்சம் ஆகற நேரத்தைத்தான் மேல சொன்ன அந்த ரெண்டு மணி நேரத்துக்குக் குடுக்கணும்.

எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கன்னா, புதுசா எதுவும் வாங்காதீங்க, பெருசா அறிவிக்காதீங்க. நாப்பது பேருக்கும் ஒரே நேரத்துல செய்யப் போகாம, ஆறேழு பேர் இருக்கற ஒரு குழுவை எடுத்துக்கங்க. வாரக் கூட்டத்துல முதல் அஞ்சு நிமிஷம், போன வாரம் உங்களுக்குப் புரியாம போனது இல்ல நீங்க தப்பா முடிவெடுத்தது ஒண்ணை நீங்களே சொல்லுங்க, நிஜமானதா இருக்கணும், "நான் ரொம்ப அதிகமா உழைக்கறேன்"ங்கற மாதிரி இருக்கக் கூடாது, அதை எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க. சொல்லிட்டு அடுத்தவங்களைக் கை காட்டாதீங்க, விட்டுடுங்க. மூணு நாலு வாரம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அசிங்கமாத்தான் இருக்கும், அப்பவும் விடாம செய்யுங்க. அப்புறம் ஒரு நாள் யாராவது, பெரும்பாலும் புதுசா சேந்தவங்கதான், மெதுவா ஒரு கேள்வி கேப்பாங்க. அப்போ "நல்ல கேள்வி"ன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடாதீங்க. அந்தக் கேள்வியை போர்டுல எழுதி, யார் பதில் தேடப் போறாங்கன்னு அங்கேயே பேசி, கேட்டவங்களையும் அதுல சேத்துக்கிட்டு, அடுத்த வாரக் கூட்டத்தை அந்தப் பதில்ல இருந்து ஆரம்பிங்க.